ஆட்டமும் அங்காடியும்

ஐக்கிய அமெரிக்காவிலே ஆண்டுதோறும் பெப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நடைபெறும் ‘சூப்பர் போல்’ எனும் பந்தாட்ட இறுதிப்போட்டி, எந்தச் சட்டமும் பிரகடனஞ் செய்யாத ஒரு தேசியத் திருநாளாகிவிட்டது. 2025ஆம் ஆண்டுப் போட்டியைச் சராசரியாக 12 கோடி 77 இலட்சம் பேர் கண்டனர் என்று கணிக்கப்பட்டது. (உதைபந்தாட்டம் என்று அவர்கள் அதனைப் பெயரிட்டழைத்தாலும், பந்தைக் கையிற் பற்றிக்கொண்டு ஓடுவதே ஆட்டத்தின் பெரும் பகுதி. பெயருக்கும் பொருளுக்குமுள்ள உறவு அந்நாட்டில் எப்பொழுதுமே சற்று நெகிழ்ச்சியானது.) போட்டியின் மறுநாள் அலுவலகங்களிலும் ஆலைகளின் உணவுச்சாலைகளிலும் மக்கள் பேசிக்கொள்வது வென்றவர் யார், தோற்றவர் யார் என்பதைப் பற்றி மாத்திரமன்று. இடையிடையே ஒளிபரப்பான விளம்பரங்களுள் எது நன்று, எது தீது என்பதும் அதே உற்சாகத்துடன் விவாதிக்கப்படுகின்றது. ஒரு தேசத்து மக்கள் அனைவரும் கலைவிமர்சகராகும் நாள் அது ஒன்றே எனலாம். விமர்சனத்திற்குரிய பொருள்களோ பியரும், மோட்டார் வாகனமும், பொதிசெய்த பொரியலும்.

விளம்பரத்தைப் பற்றி அபிப்பிராயங் கொள்வது மக்களின் இயல்பான பொழுதுபோக்கு என்று கூறுவாருமுளர். அவ்வாறாயின் இப்பொழுதுபோக்கு ஏன் ஓரிடத்தில், ஒரு காலத்தில், ஓர் ஆட்டத்தைச் சுற்றி மாத்திரம் இத்துணைச் செழித்தது? இதற்கு விடை காண வேண்டுமானால், மனிதரின் இயல்பை விட்டு வணிகத்தின் வரலாற்றை நோக்க வேண்டும்.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் சட்டபூர்வமான முதலாவது விளம்பரம் 1941 யூலை 1ஆந் திகதி, நியூயோர்க் நகரின் டபிள்யூ. என். பி. ரி. நிலையத்தில் ஒளிபரப்பாயிற்று. வர்த்தகத் தொலைக்காட்சிக்கு அரசாங்க ஆணைக்குழு அனுமதி வழங்கிய முதல் நாளே அது. திரையில் ஒரு கடிகாரம் தோன்றியது, புலோவா என்னும் கடிகாரக் கம்பனியின் பெயர் சில விநாடிகள் ஒலித்தது, அவ்வளவுதான். இதற்கான செலவு 9 டொலர். இங்கே மனங்கொள்ளத்தக்கது என்னவெனில், அவ்விளம்பரம் புரூக்ளின் நகர அணிக்கும் பிலடெல்பியா அணிக்கும் இடையே நடந்த பேஸ்போல் ஆட்டம் ஒன்றின் முன்னால் வந்தது என்பதாகும். தொலைக்காட்சி விளம்பரமும் தொலைக்காட்சி விளையாட்டும் ஒரே தொட்டிலில் வளர்ந்த பிள்ளைகள்.

அக்காலத்தில் ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு கம்பனி என்பதே வழக்கம். இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில் பற்பசைப் பெயரும் பாட்டு நிகழ்ச்சியும் பிரிக்கவியலாதபடி பிணைந்திருந்ததைக் கேட்டு வளர்ந்தோருக்கு இது புதிதன்று. ஜில்லெட் என்ற சவரக்கத்திக் கம்பனி 1939இல் பேஸ்போல் இறுதித் தொடரின் வானொலி உரிமையை ஓரிலட்சம் டொலருக்கு வாங்கியது. பின்னர் அதே கம்பனி 1940களிலிருந்து 1960 வரை என். பி. சி. தொலைக்காட்சியில் குத்துச்சண்டைகளை நடத்துவித்தது. குத்துச்சண்டையைத் தேர்ந்ததில் ஒரு நுட்பம் உண்டு. மூன்று நிமிடச் சண்டை, ஒரு நிமிட ஓய்வு. அந்த ஒரு நிமிடம் விளம்பரத்துக்கென்றே அளந்து வைத்தாற் போன்றது. அடிபட்ட வீரன் மூலையிலமர்ந்து இரத்தத்தைத் துடைத்துக்கொள்ளும் வேளையில், வீட்டிலிருப்போருக்குக் காயமின்றிச் சவரஞ் செய்யும் வகை கற்பிக்கப்பட்டது.

1959இல் இம்முறைமைக்கு ஓர் இடி விழுந்தது. பெரும் பணப்பரிசு வழங்கிய வினாவிடைப் போட்டிகள், விடைகள் முன்கூட்டியே சொல்லிக்கொடுக்கப்பட்ட நாடகங்கள் என்பது அந்நாட்டுக் காங்கிரஸ் விசாரணையில் அம்பலமாயிற்று. நிகழ்ச்சிகளை விளம்பரதாரரே ஆட்டிவைத்ததன் விளைவு இது என்று பலரும் கண்டித்தனர். ஒளிபரப்புக் கம்பனிகள் இச்சந்தர்ப்பத்தைப் பயன்படுத்தி, நிகழ்ச்சிகளைத் தம் வசமாக்கிக்கொண்டு, நிமிடங்களை மாத்திரம் பலருக்குக் கூறுபோட்டு விற்கத் தொடங்கின. ஊழலைத் திருத்துவதற்கென வந்த மாற்றம் வியாபாரத்தைப் பெருக்கும் வழியாக முடிந்தது. முழு நிலத்தையும் ஒருவனுக்குக் குத்தகைக்குக் கொடுப்பதைக் காட்டிலும், சாணளவாக வெட்டிப் பலருக்குக் கொடுத்தால் வருமானம் அதிகம் என்பதை நிலவுடைமையாளர் அறிந்த அளவுக்கு ஒளிபரப்பாளரும் விரைவில் அறிந்துகொண்டனர்.

அடுத்து வேண்டியது ஏகபோகம். 1961ஆம் ஆண்டுக்கு முன்னர் ஒவ்வோர் அணியும் தன்தன் ஆட்டங்களைத் தானே விற்றது. தேசிய உதைபந்தாட்டச் சங்கத்தின் தலைவராக 1960இல் வந்த பீற் ரொசெல் என்பவர், எல்லா அணிகளின் உரிமையையும் ஒன்றாகத் திரட்டி சி. பி. எஸ். கம்பனிக்கு விற்க முனைந்தார். ஏகபோகத்துக்கு எதிரான சட்டத்தை மீறுவது என்று நீதிமன்றம் அதனைத் தடுத்தது. நீதிமன்றம் தடுத்ததை இரண்டே மாதங்களிற் சட்டமன்றம் அனுமதித்தது. 1961 செப்ரெம்பர் 30ஆந் திகதி ஜனாதிபதி கென்னடி கையொப்பமிட்ட ஒளிபரப்புச் சட்டம், விளையாட்டுச் சங்கங்களுக்கு மாத்திரம் விசேட விலக்களித்தது. உடனேயே ஆண்டுக்கு 46½ இலட்சம் டொலருக்கு ஒப்பந்தம் ஏற்பட்டது. பணம் எல்லா அணிகளுக்குஞ் சரிசமமாகப் பங்கிடப்பட்டது. முதலாளிகள் தமக்குள்ளே சமதர்மத்தைக் கடைப்பிடிப்பதில் ஒருபோதும் பின்னின்றதில்லை.

இனி ஆட்டத்தின் அமைப்பை நோக்குவோம். உலகம் முழுவதும் ஆடப்படும் உதைபந்தாட்டத்தில் நாற்பத்தைந்து நிமிடம் இடையறாது பந்து ஓடும். விளம்பரம் நுழைய வாசலில்லை. அமெரிக்க ஆட்டமோ சில விநாடிகள் நிகழ்ந்து நின்று, மறுபடி அணிவகுத்து, மறுபடி சில விநாடிகள் நிகழ்வது. மூன்று மணித்தியாலத்துக்கு மேற்பட்ட ஒளிபரப்பொன்றில் பந்து உண்மையாக ஆட்டத்திலிருக்கும் நேரம் ஏறத்தாழ 11 நிமிடமே என்று வோல் ஸ்றீற் ஜேர்னல் என்ற முதலாளிகளின் பத்திரிகையே 2010இல் அளந்து கூறியது. விளம்பரத்துக்குச் சென்றது ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். இயல்பான இடைவெளிகளும் போதாமற்போனபோது, தொலைக்காட்சிக்கென்றே ஆட்டத்தை நிறுத்தும் வழக்கம் புகுத்தப்பட்டது. வீரர் களைப்படையவில்லை, எவருங் காயமடையவில்லை. எனினும் ஆட்டம் நிற்கும்.

நாமும் இவ்விஷயத்தில் வெகுதூரம் பின்தங்கியவர்களல்லர் என்பதை இடையிற் கூறிவைக்கலாம். 1996இல் இலங்கை அணி லாகூரில் வென்று நாடே கொண்டாடிய உலகக் கிண்ணம், ஒரு சிகரெட்டின் பெயரைத் தாங்கிய கிண்ணம்.

1967 ஜனவரி 15ஆந் திகதி லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் முதலாவது சூப்பர் போல் போட்டி நடைபெற்றது. அன்று அதற்கு அந்தப் பெயர் உத்தியோகபூர்வமாக வழங்கப்படவில்லை. கிறீன் பே அணி கான்சாஸ் சிற்றி அணியை 35க்கு 10 என்ற கணக்கில் வென்றது. மைதானத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஆசனங்கள் வெறுமையாயிருந்தன. போட்டியிட்ட இரு சங்கங்களும் வெவ்வேறு ஒளிபரப்புக் கம்பனிகளுடன் ஒப்பந்தஞ் செய்திருந்தமையால், சி. பி. எஸ்., என். பி. சி. இரண்டும் ஒரே ஆட்டத்தை ஒளிபரப்பின. இரண்டாம் பாதி தொடங்கியபோது ஒரு விநோதம் நிகழ்ந்தது. பந்து உதைக்கப்பட்ட கணத்தில் என். பி. சி. இடைவேளையிலிருந்து ஆட்டத்துக்குத் திரும்பியிருக்கவில்லை. நடுவர் என்ன செய்தார்? உதைத்ததைச் செல்லாதென்று அறிவித்து, மறுபடி உதைக்கும்படி பணித்தார். மைதானத்திலிருந்த அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் தம் கண்ணாற் கண்ட ஒரு நிகழ்ச்சி, தொலைக்காட்சி காணாத காரணத்தால், நிகழாததாயிற்று! அவ்வாட்டத்தின் ஒளிப்பதிவு நாடாக்களைப் பின்னர் அழித்து வேறு தேவைகளுக்குப் பயன்படுத்தினர் என்பதையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். விற்க வேண்டியதை விற்றாயிற்று. எஞ்சிய ஓலையை எவர் பேணுவார்?

அன்று என். பி. சி. அரை நிமிட விளம்பரத்துக்கு வாங்கிய விலை 37,500 டொலர். 2025இல் அதே அரை நிமிடம் 80 இலட்சம் டொலர் வரை விலைபோயிற்று. பணவீக்கத்தைச் சுட்டிக்காட்டி இதனை அலட்சியஞ் செய்வோருக்காக வேறொரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1967 ஜனவரியில் கூட்டாட்சிச் சட்டம் விதித்த ஆகக் குறைந்த கூலி மணித்தியாலத்துக்கு 1.25 டொலர். அக்கூலி பெறும் ஒரு தொழிலாளி அரை நிமிட விளம்பரத்தை வாங்க விரும்பினால் 30,000 மணித்தியாலம் உழைக்க வேண்டும். ஆண்டுக்கு 2,000 மணித்தியாலம் எனக் கொண்டால் 15 ஆண்டு. 2025இல் கூட்டாட்சிச் சட்டத்தின் ஆகக் குறைந்த கூலி 7.25 டொலர், 2009ஆம் ஆண்டிலிருந்து அது உயரவேயில்லை. பல மாநிலங்கள் இதனிலுங் கூடிய கூலியை விதித்துள்ளன என்பது மெய்; ஆயினும் சட்டம் சட்டமே. இக்கூலி பெறுபவர் 2025இல் அதே அரை நிமிடத்துக்காக 11 இலட்சம் மணித்தியாலம், அஃதாவது ஏறத்தாழ 550 ஆண்டு உழைத்தல் வேண்டும். பணவீக்கம் இரு தரப்பாரையும் ஒன்றுபோல் தீண்டுவதில்லை போலும்.

1968 நவம்பரில் நடந்ததொன்றையும் குறிப்பிடாமல் விடுவதற்கில்லை. நியூயோர்க், ஓக்லண்ட் அணிகளின் ஆட்டம் முடியச் சுமார் ஒரு நிமிடமே இருந்த வேளையில், ஏழு மணியாகிவிட்டதென்று என். பி. சி. நாட்டின் பெரும் பகுதிக்கு ஆட்டத்தை நிறுத்தி, ‘ஹெய்டி’ என்ற சிறுவர் படத்தைத் தொடங்கிவிட்டது. படத்துக்கு ஒரு கடிகாரக் கம்பனி பணங் கட்டியிருந்தது. மக்கள் காணாத அந்த ஒரு நிமிடத்தில் ஓக்லண்ட் அணி ஒன்பது விநாடி இடைவெளியில் இருமுறை வென்று புள்ளிகளைக் குவித்தது. கோபமடைந்த மக்களின் அழைப்புகளால் நிலையத்தின் தொலைபேசித் தொடர்பே முடங்கிற்று. அதன் பின்னர் ஆட்டம் முடியும்வரை ஒளிபரப்புவது விதியாயிற்று. நேயர்கள் பெற்ற வெற்றி என்று இதனைக் கொண்டாடுவர். வெற்றிதான், நேயரின் ஆத்திரத்துக்கும் சந்தையில் ஒரு மதிப்புண்டு என்பதைக் கம்பனிகள் கற்றுக்கொண்ட பாடமும் அதுவே.

எழுபதுகளின் விளம்பரங்களைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. துப்பாக்கிக் குண்டு துளைத்தும் திறவாத பூட்டொன்றை 1974இல் காட்டினார்கள். ஓராண்டு விளம்பரப் பணத்தின் பெரும் பங்கை அக்கம்பனி அந்த ஒரே நாளில் செலவிட்டது. 1980ஆம் ஆண்டுப் போட்டியில் வந்த கொக்கா கோலா விளம்பரம் இன்றும் பலரால் நினைவுகூரப்படுகின்றது. காயமடைந்து தனியே நடந்து செல்லும் கறுப்பின வீரர் ஜோ கிறீனுக்கு ஒரு வெள்ளைச் சிறுவன் தன் போத்தலைக் கொடுக்கிறான். அவர் அதைப் பருகிவிட்டுத் தம் மேலாடையை அவனிடம் வீசுகிறார். என் அபிப்பிராயத்தில் இது நன்கு சமைக்கப்பட்ட சிறுகதை. ஒரு நிமிடத்துள் தனிமை, தயக்கம், அன்பு மூன்றும் பிசகின்றி வந்து போகின்றன. கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் இடையே நிலவிய நூற்றாண்டுப் பகை ஒரு போத்தல் சீனித்தண்ணீரால் தீர்ந்துவிடும் என்ற பொய்யும் அதே ஒரு நிமிடத்துள் உண்டு. கதை நன்றாயிருக்க, பொய்யும் நன்றாகவே செரிக்கின்றது.

1984 ஜனவரி 22ஆந் திகதி வந்த அப்பிள் கணினிக் கம்பனியின் விளம்பரத்திலேதான் இக்கதை புதுத்திருப்பம் அடைகின்றது. மூன்றாங் காற்பகுதி ஆட்டத்தின்போது திடீரென்று திரை சாம்பல் நிறமாயிற்று. மொட்டைத்தலை மனிதர் வரிசையாக நடந்துவந்து, பெருந்திரையில் முழங்கும் ஒரு சர்வாதிகாரியின் முன் அமர்கின்றனர். காவலர் துரத்த ஓடிவரும் ஒரு பெண் சம்மட்டியை வீசித் திரையைத் தகர்க்கிறாள். ஜோர்ஜ் ஓர்வெலின் நாவலை ஒத்த ஆண்டு இதுவாக இராது என்பதற்கு இரண்டு நாளில் வெளிவரும் கணினியே காரணமாகும் என்று ஒரு குரல் கூறுகின்றது. கணினியைக் கண்ணிற் காட்டவேயில்லை. நெறிப்படுத்தியவர் ஆங்கிலத் திரைப்பட நெறியாளர் றிட்லி ஸ்கொற். கம்பனியின் பணிப்பாளர் சபை இதனைப் பார்த்து வெறுத்து, வாங்கிய நேரத்தைத் திருப்பி விற்றுவிடும்படி பணித்ததும், ஒரு நிமிடத் துண்டை விற்க முடியாமற் போனதால் வேறுவழியின்றி ஒளிபரப்பியதும் பின்னர் வெளியான செய்திகள்.

அது தேசிய அளவில் விலை கொடுத்து ஒளிபரப்பப்பட்டது அந்த ஒரே தடவைதான். ஆனால் அன்றிரவே செய்தி நிகழ்ச்சிகள் அதனை ஒரு செய்தியாக மறுபடி மறுபடி காட்டின. விளம்பரம் செய்தியாயிற்று, செய்திக்குப் பணங் கட்ட வேண்டியதில்லை. முதலாளித்துவ வாணிகம் தன்னைப் புரட்சியாக வேடமிட்டுக் காட்டியதும் இங்கேதான். ஒரு கம்பனியின் பொருளை விட்டு மற்றொரு கம்பனியின் பொருளை வாங்குவதே விடுதலை. கூட்டமாக நிற்பது அடிமைத்தனம், தனியாளாக 2,495 டொலர் கொடுத்து வாங்குவது சுதந்திரம். அடுத்த ஆண்டுப் போட்டியில் அதே கம்பனி, கண்ணைக் கட்டிய அலுவலர்கள் சீழ்க்கையடித்துக்கொண்டு மலைமுகட்டிலிருந்து ஒருவர் பின் ஒருவராக விழுவதாகக் காட்டியது. வாடிக்கையாளரை மூடராக்கியதாக அனைவரும் சினந்தனர். அவ்வாண்டிலேயே கம்பனி சுமார் 1,200 பேரை, அஃதாவது தன் ஊழியரில் ஐந்திலொரு பங்கினரை வேலை நீக்கியது. சம்மட்டியேந்திய பெண் அவர்களைக் காக்க ஓடிவரவில்லை.

இந்த இடத்தில் டாலஸ் சிமைத் என்பவரை வாசகருக்கு அறிமுகஞ் செய்தல் அவசியம். கனடாவிற் பிறந்த பொருளியலறிஞராகிய இவர், 1940களில் அமெரிக்க அரசாங்கத்தின் ஒளிபரப்பு ஆணைக்குழுவில் தலைமைப் பொருளியலாளராகப் பணியாற்றியவர். ஒளிபரப்பின் கணக்குப் புத்தகத்தை உள்ளிருந்து பார்த்தவர். மேனாட்டு மார்க்சியர் பத்திரிகைகளையும் தொலைக்காட்சியையும் கருத்துகளைப் பரப்பும் கருவிகளாக மாத்திரமே கண்டு, அவற்றின் பொருளாதார அடித்தளத்தைக் காணத் தவறிவிட்டனர் என்று 1977இல் ஒரு கட்டுரையில் வாதிட்டார். தொலைக்காட்சிக் கம்பனி உற்பத்தி செய்து விற்கும் பண்டம் யாது? நிகழ்ச்சியன்று, நிகழ்ச்சியைப் பார்ப்போரே அப்பண்டம். நேயர் கூட்டத்தின் கவனத்தை அளந்து, நிறுத்து, விளம்பரதாரருக்கு விற்பதே அதன் தொழில். நிகழ்ச்சி என்பது மதுச்சாலைக்காரன் குடிக்க வருவோருக்கு இலவசமாக வைக்கும் உப்புத் தீனி போன்றது. வேலை முடிந்து வீடு திரும்பிய தொழிலாளி தொலைக்காட்சியின் முன் அமரும்போதும் யாருக்கோ உழைத்துக்கொண்டிருக்கிறான் என்பது அவர் முடிவு.

சிமைத்தின் கொள்கையை மார்க்சியரிலேயே பலர் மறுத்ததுண்டு. பார்த்துக்கொண்டிருப்பதைக் கூலியுழைப்போடு ஒப்பிடுவது மிகை என்பர். அம்மறுப்பில் நியாயம் இல்லாமலில்லை; பார்ப்பவன் எந்நேரமும் எழுந்து போய்விடலாம், ஆலைத் தொழிலாளி அவ்வாறு போக முடியாது. எனினும் சூப்பர் போலின் பிற்கால வரலாறு சிமைத் எதிர்பார்த்ததையும் விஞ்சிவிட்டது. 1989இல் யு. எஸ். ஏ. ருடே என்ற நாளேடு ஒரு புதிய ஏற்பாட்டைத் தொடங்கியது. தெரிந்தெடுத்த நேயர்களை ஒன்றுகூட்டி, ஆளுக்கொரு சிறு கருவியைக் கையிற் கொடுத்து, ஒவ்வொரு விளம்பரத்தையும் பார்க்கும்போதே பிடித்தால் ஒரு பக்கமும் பிடிக்காவிட்டால் மறுபக்கமும் திருப்பச் செய்து, மறுநாட் காலையில் முதலாமிடம் எதற்கு, கடைசியிடம் எதற்கு என்று வெளியிட்டது. பின்னாளில் வீட்டிலிருந்தே எவரும் இணையவழி வாக்களிக்கலாம் என்றாயிற்று.

இதன் விளைவு என்ன? முன்பு ஆட்டம் தீனியாகவும் விளம்பரம் விற்பனையாகவும் இருந்தன. இப்பொழுது விளம்பரமே தீனியாயிற்று. விளம்பரம் வந்தால் எழுந்து சமையலறைக்குச் செல்லும் பழக்கமுடைய ஒரு மக்கள், அந்த ஒரு நாளில் ஆட்டத்தின்போது எழுந்து சென்று, விளம்பரத்தின்போது ஓடிவந்து அமர்கின்றனர். எதை விட்டுத் தப்ப விரும்பினரோ அதற்கே நீதிபதிகளாக நியமனம் பெற்றனர். அந்நியாயசபையில் ஒரு தீர்ப்புக்கு மாத்திரம் இடமில்லை. இந்த விளம்பரம் சிறந்ததா, அந்த விளம்பரம் சிறந்ததா என்று கேட்பர். விளம்பரம் வேண்டுமா, வேண்டாமா என்று எவரும் கேளார். அபிப்பிராய சுதந்திரம் பூரணமாக உண்டு, கொடுக்கப்பட்ட பட்டியலுக்குள்ளே.

அடுத்த படி, நேயரே விளம்பரத்தை ஆக்குவது. டொரிட்டோஸ் என்ற பொரியல் கம்பனி 2007ஆம் ஆண்டுப் போட்டியிலிருந்து பத்தாண்டு காலம் பொதுமக்களிடம் விளம்பரப் படங்கள் கோரியது. ஆயிரக்கணக்கானோர் தம் பணத்தையும் நேரத்தையும் செலவிட்டுப் படமெடுத்தனுப்பினர். 2009இல் வேலையற்றிருந்த இரு சகோதரர் மிகச் சொற்பச் செலவில் எடுத்த படம் நாளேட்டின் வாக்கெடுப்பில் முதலாமிடம் பெற்று, அவர்களுக்குப் பத்து இலட்சம் டொலர் கிடைத்தது. அவர்கள் பெற்றதையிட்டு எனக்கு மகிழ்ச்சியே. பெறாத ஆயிரக்கணக்கானோரின் உழைப்பை எந்தக் கணக்கில் எழுதுவது? கூலியில்லாத வேலைக்கு மனிதர் முண்டியடித்துக்கொண்டு வருவதற்கு லொத்தர்ச் சீட்டைப் போன்ற கருவி வேறொன்றில்லை.

2000ஆம் ஆண்டில் பத்துக்கு மேற்பட்ட இணையக் கம்பனிகள் விளம்பரஞ் செய்தன. அவற்றுள் செல்லப்பிராணிகளின் உணவை விற்ற ஒன்று அதே ஆண்டு நவம்பரில் இழுத்து மூடப்பட்டது. 2022இல் நாணயமல்லாத நாணயங்களை விற்போர் அந்த இடத்தைப் பிடித்தனர். எவ். ரி. எக்ஸ். என்ற கம்பனி, தன்னை நம்பாதவர் சக்கரத்தையும் மின்விளக்கையும் நம்ப மறுத்த மூடருக்கு நிகரானவர் என்று ஒரு நகைச்சுவை நடிகரைக் கொண்டு காட்டியது. பெப்ரவரியில் விளம்பரம், நவம்பரில் வங்குரோத்து. அதன் தலைவர் மோசடிக் குற்றத்துக்காக 2024இல் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அவ்விளம்பரத்தை நகைச்சுவைக்காகப் பாராட்டி வாக்களித்தோருள் எத்தனை பேர் தம் சேமிப்பை அதில் இட்டனர் என்பதை எந்த நாளேடும் அளவிடவில்லை.

பணமிருந்தால் எவரும் பேசலாம் என்பது இச்சந்தையின் பிரமாணம். அதுவும் முழுமையாக மெய்யன்று. 2004இல் மூவ் ஒன் என்ற இயக்கம் விலையைக் கட்ட முன்வந்தும் சி. பி. எஸ். அதன் விளம்பரத்தை மறுத்துவிட்டது. அதிற் கண்டது இதுதான்: சின்னஞ்சிறு பிள்ளைகள் உணவுச்சாலையிற் கோப்பை கழுவுகின்றனர், ஆலைப்பட்டியின் முன் நிற்கின்றனர், குப்பை அள்ளுகின்றனர். ஜனாதிபதி புஷ் ஏற்படுத்திய பற்றாக்குறையை எவர் அடைக்கப்போகின்றார் என்ற வினாவோடு படம் முடிகின்றது. சர்ச்சைக்குரிய விஷயங்களை ஏற்பதில்லை என்பது கம்பனி சொன்ன காரணம். வெள்ளை மாளிகையின் போதைப்பொருள் எதிர்ப்பு விளம்பரங்கள் சர்ச்சைக்குரியனவாகத் தோன்றவில்லை. ஆறாண்டுகளின் பின், 2010இல், கருக்கலைப்பை எதிர்க்கும் கிறிஸ்தவ அமைப்பொன்றின் விளம்பரத்தை அதே சி. பி. எஸ். ஏற்றுக்கொண்டது, கொள்கை மாறிவிட்டதாம்.

2012ஆம் ஆண்டு நிகழ்ந்ததொன்று ஆசிரியர்களாகிய வாசகர் பலருக்கு விசேட அக்கறைக்குரியது. கிரைஸ்லர் மோட்டார்க் கம்பனி 2009இல் வங்குரோத்தாகி, அரசாங்கப் பணத்தால் மீட்கப்பட்டது. புதிதாகச் சேர்ந்த தொழிலாளர் பழையவர்களின் ஏறத்தாழ அரைவாசிக் கூலிக்கு வேலை செய்ய இணங்கியிருந்தனர். இக்கம்பனிக்காக நடிகர் கிளின்ற் ஈஸ்ற்வுட் இரண்டு நிமிட விளம்பரமொன்றில் தோன்றி, அமெரிக்கா இப்பொழுது இடைவேளையில் இருக்கின்றது, இரண்டாம் பாதி இனித்தான் தொடங்கும் என்ற பொருள்படப் பேசினார். பிளவுபட்டு, ஒருவரை ஒருவர் தூற்றிய காலத்தைச் சுட்டும் காட்சியாக ஒரு மக்கட் கூட்டம் காட்டப்பட்டது. அக்கூட்டம் 2011இல் விஸ்கொன்சின் மாநிலத் தலைநகர் மடிசனில் திரண்ட கூட்டம். அரசாங்க ஊழியரின் கூட்டுப் பேர உரிமையைப் பறிக்க ஆளுநர் ஸ்கொற் வோக்கர் கொண்டுவந்த சட்டத்தை எதிர்த்து, ஆசிரியர்கள் பாடசாலைகளை விட்டு வெளியேறி, மாணவருடன் சேர்ந்து கடும்பனியில் வாரக்கணக்காக நின்ற போராட்டம் அது. விளம்பரத்திற்காக அக்காட்சியில் இருந்த தொழிற்சங்கப் பதாகைகளைக் கணினியால் மாற்றிவிட்டனர். ஆசிரியருக்காகப் பரிந்துரைத்த வாசகம் ஒன்று இருந்த அட்டையில், அதற்குப் பதிலாக ஒரு மணிக்கூட்டின் படம்! எவர் எதற்காக நின்றனர் என்பதைத் துடைத்துவிட்டு, நின்ற முகங்களை மாத்திரம் நாட்டின் நோய்க்குச் சான்றாக எடுத்துக்கொண்டனர். அவ்விளம்பரத்தை ஜனாதிபதி ஒபாமாவுக்குச் சாதகமான பிரசாரம் என்று வலதுசாரிகள் கண்டித்தனர். தொழிலாளருக்குச் சாதகமானது என்று இடதுசாரிகளிற் சிலர் கண்கலங்கினர். இரு சாராரும் தத்தம் அபிப்பிராயங்களைக் கூறிக்கொண்டிருக்க, கம்பனி கார்களை விற்றது.

2014இல் கொக்கா கோலா, அமெரிக்காவைப் போற்றும் தேசபக்திப் பாடலொன்றை இந்தி, ஸ்பானிஷ் முதலிய பல மொழிகளிற் பாடுவித்தபோது, ஆங்கிலம் பேசத் தெரியாதவன் வெளியேறுக என்று ஒரு பெருங் கூக்குரல் எழுந்தது. மொழிவெறியின் முகம் எந்நாட்டிலும் ஒன்றே என்பதை நாம் பிறர் சொல்லி அறிய வேண்டியதில்லை. அன்று அவ்விளம்பரத்தைத் தற்காத்து நின்றோரின் பக்கமே நியாயம் இருந்தது. ஆனால் குடிவரவாளரின் உரிமைக்காக நிற்பது ஒரு பானத்தைப் பருகுவதாகச் சுருங்கிவிட்டதையும் கவனியாதிருக்க முடியாது.

கிரைஸ்லரின் வழிவந்த கம்பனியே 2018 பெப்ரவரி 4ஆந் திகதி மற்றொன்றைச் செய்தது. ராம் என்னும் தனது பார வாகனத்துக்காக மாட்டின் லூதர் கிங்கின் குரலை ஒலிபரப்பியது. சரியாக ஐம்பதாண்டுக்கு முன்னர், 1968 பெப்ரவரி 4ஆந் திகதி, அட்லான்ராவிலுள்ள எபனேசர் தேவாலயத்தில் அவர் நிகழ்த்திய பிரசங்கத்திலிருந்து, சேவை செய்ய எவராலும் இயலும், ஆகையால் எவரும் பெருமை எய்தலாம் என்ற பகுதியை எடுத்து, சேற்றில் உழலும் வாகனத்தின் படங்களோடு பொருத்தினர். அவருடைய எழுத்துகளின் உரிமையை நிருவகிக்கும் நிறுவனம் இதற்கு அனுமதி வழங்கியிருந்தது. பார்த்தவர் பலர் அன்றிரவே வெகுண்டெழுந்தனர்.

அப்பிரசங்கத்தை முழுமையாகக் கேட்டவர்களுக்கு வெகுளியோடு வியப்பும் உண்டாயிற்று. பிறரிலும் மேம்பட்டவனாகக் காட்டிக்கொள்ளும் ஆசையை விளம்பரக்காரர் எவ்வாறு தூண்டுகின்றனர் என்பதையே கிங் அதிற் சாடுகின்றார். இந்தக் காரை வாங்கினால் அயலவன் பொறாமைப்படுவான் என்று அவர்கள் நம்பவைப்பதையும், வருமானத்துக்கு மீறிய கார்களை ஏழைகள் வாங்குவதையும் எடுத்துரைத்து, மிகப் பழைய போட் வண்டியொன்றுக்கும் வழியில்லாதவர் ஓட்டித்திரியும் கார்களுக்கு உதாரணமாக இரண்டு பெயர்களைச் சொல்கின்றார். ஒன்று கடிலாக், மற்றது கிரைஸ்லர். இந்தப் பகுதி விளம்பரத்தில் இடம்பெறவில்லை.

அப்பிரசங்கம் நிகழ்வதற்கு மூன்று நாள் முன்னர், 1968 பெப்ரவரி 1ஆந் திகதி, மெம்பிஸ் நகரத்தில் மழைக்கு ஒதுங்கிய கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர் இருவர், குப்பை லொறியின் நசுக்கும் இயந்திரத்தில் அகப்பட்டு இறந்தனர். அதே மாதம் 12ஆந் திகதி அவர்களின் தோழர்கள் 1,300 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அவர்களுக்குத் துணை நிற்கவே கிங் மெம்பிஸுக்குச் சென்றார். ஏப்ரல் 4ஆந் திகதி அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். பன்னிரண்டு நாட்களின் பின்னர் நகரசபை தொழிற்சங்கத்தை அங்கீகரித்தது.